மூன்றாம் தரத்துக்கு முன்னால்

மெட்ராஸில் ஓர் ஏலக் கம்பெனியில் நான் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. முதலாளி கூப்பிட்டார். "நீ செங்கம் பக்கம்தானே? ஜமுனாமரத்தூர்ல ஒரு அம்மா பழைய விளையாட்டுச் சாமான் ஏலத்துக்குக் குடுக்குறாங்களாம். போய் எடுத்துட்டு வா. எதையும் துடைச்சுத் தொலைக்காதே. அழுக்குக்குத்தான் விலை."

எழுபதுகளின் கடைசியில் தொழில் அப்படித்தான் இருந்தது. ஆட்டக்காரர் போட்ட சட்டையை ஒருமுறை வெளுத்தால் விலை பாதி. இதற்கென்றே அலையும் பணக்காரக் கிறுக்கர்கள் மண்ணை மோந்து பார்த்து வாங்குவார்கள்.

1. சரக்கு எடுத்தது

மலைப்பாதை பஸ் என் குடலைப் பிடுங்கிவிட்டுத்தான் இறக்கிவிட்டது. சரோஜா அம்மாவின் வீடு சந்தைக்கு அப்பால், ஒரு சரிவின் விளிம்பில் இருந்தது. அவர் கணவர் மெட்ராஸில் கால்பந்து கோல் கீப்பராக இருந்தவர். முட்டி போனதும் மலைக்கே திரும்பிப் புளி வியாபாரம் செய்தார். அவர் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அந்த அம்மா ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார். வெள்ளிக் கோப்பை, ஒன்றாம் நம்பர் சட்டை, அந்தக் காலத்தில் சிகரெட் பாக்கெட்டோடு வந்த ஆட்டக்காரர் படச் சீட்டுகள் ஒரு கட்டு, ஒரு ஜோடி கம்பளி கிளவுஸ். சீட்டுகளில் ஒரு மூலைகூட மடங்கவில்லை, முதல் தரமான சரக்கு. கிளவுஸ் முழுக்கச் செம்மண். தொட்டேன், ஈரமாக இருந்தது.

"நேத்து மழையாம்மா?"

"இல்லீங்க. அது காயறதே இல்ல."

என்ன பேச்சு இது என்று நினைத்துக்கொண்டே ஏலத்தில் அதன் வரிசையைக் காட்டும் லாட் நம்பர் சீட்டை அதில் கட்டினேன். அப்போது வீட்டுக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண் குரல், "சரோ" என்றது. நட்ட நடு மதியம். யாரென்று கேட்க நான் வாயெடுப்பதற்குள் அந்த அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார். இருவரும் அசையாமல் இருந்தோம். அடுத்த குரல் வரவில்லை.

"தினமும் இப்படித்தாங்க, ஒரே ஒரு வாட்டி," என்றார். "மூணு வாட்டி கூப்புட்டாத்தான் மனுஷன், பேயில்ல, அதுக்கு முன்னால பதில் குடுக்கக் கூடாதுன்னு எங்க வூட்டுப் பழக்கம். அவரு போன அன்னிக்குச் சாயந்தரம் ஒரே மூடுபனி. பின்னால இருந்து 'சரோ'ன்னாரு. நான் அடுப்பாண்ட நின்னு மூணாவது குரலுக்குக் காத்துனு இருந்தேன். வரல, சந்தையிலயே தங்கிட்டாருன்னு நெனச்சேன். காலையில பார்த்தா சரிவுல கெடக்குறாரு. புளி உலுக்க மரம் ஏறி விழுந்தவரு, கையில இந்த கிளவுஸு. ரெண்டாவது வாட்டி கூப்புட அவருக்குத் தெம்பு இல்லீங்க."

கிளவுஸைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

"சாமான் இங்க இருக்கறதாலதான் வர்றாரு. இன்னா விலைக்குப் போனாலும் சரி, எடுத்துனு போயிடுங்க. எனக்குத் தூக்கம் வேணும்."

2. ஏலத்தன்று

பெட்டியை பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. காலடியில் தள்ளிவிட்டேன்.

நாலு நாள் போயிருக்கும். குடோனைப் பார்த்துக்கொண்ட காதர் பாய் என்னிடம் வந்தார். "யாருப்பா அந்த சரோ? மத்தியானம் ஆனா எவனோ கூப்புடறான், ஒரே ஒரு தபா." அதன் பிறகு குடோனுக்குள் நான் தனியாகப் போகவில்லை.

ஏலத்துக்கு சரோஜா அம்மாவே பஸ் பிடித்து வந்துவிட்டார். "போறதைக் கண்ணால பார்த்தாத்தான் நம்புவேன்," என்று கடைசி வரிசையில் உட்கார்ந்தார். சீட்டுகள் போயின. கோப்பையும் சட்டையும் போயின. கடைசியாக கிளவுஸின் முறை வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. முன்வரிசையில் ஒரு டாக்டர் நல்ல விலை கேட்டார்.

"ஒரு தரம்," என்றார் முதலாளி. "ரெண்டு தரம்."

சுத்தியல் மேலே போயிற்று.

"சரோ."

குரல் மேஜையிலிருந்து வந்தது. முதலாளியின் கை அப்படியே நின்றது. டாக்டர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நான் சரோஜா அம்மாவைப் பார்த்தேன். வழக்கம்போல் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பார் என்று நினைத்தேன். அவர் எழுந்தார்.

"இன்னாங்க? இதோ வந்துட்டேன்," என்றார், அடுப்படியிலிருந்து பதில் சொல்வது போல. நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து கிளவுஸை வாரி மார்போடு வைத்துக்கொண்டார்.

சுத்தியல் விழும்வரை சரக்கு கொடுத்தவருடையது, அது தொழில் விதி. "லாட் வாபஸ்," என்று முதலாளி மெதுவாகச் சொன்னார். கிளவுஸைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தது நான்தான். மண் காய்ந்து பொலபொலவென்று என் விரலில் உதிர்ந்தது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மலையேறி அவரைப் பார்த்தேன். "அப்புறம் கூப்புட்டாராம்மா?"

"இல்லீங்க. தூக்கமெல்லாம் நல்லா வருது." பின்கதவுப் பக்கம் பார்த்தார். "மத்தியானம் மட்டும் பின்கதவைத் தொறந்து வெச்சு உக்காந்துக்கறேன். இன்னும் ஒரே ஒரு வாட்டி கூப்புட்டா இன்னா அவருக்கு?" என்று அழுதார்.

இந்தத் தொழிலில் நான் கற்றது சரக்கைத் துடைக்காமல் எடுப்பது, சீட்டின் மூலையை முதலில் பார்ப்பது, இன்னும் ஒன்று. வாசலில் யார் கூப்பிட்டாலும் முதல் குரலுக்கே எழுந்துவிடுவேன். சில நாள் போய்ப் பார்த்தால் அங்கே யாரும் இருப்பதில்லை. இருந்தாலும் "இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்துகிறேன்.