கழிவக்காவும் பத்துப் பங்கு டீசலும்

பழைய சமையல் எண்ணெயிலிருந்து வண்டிகளுக்கு டீசல் எடுக்கும் தொழிற்சாலையில் அவள் கழிவுப் பிரிவின் பொறுப்பாளர். எல்லோரும் கழிவக்கா என்றே கூப்பிட்டார்கள். முதலில் கூசியது, போகப்போகப் பழகிவிட்டது.

பத்துப் பீப்பாய் டீசல் எடுத்தால் ஒரு பீப்பாய் கிளிசரின் மிஞ்சும். பழுப்பு நிறப் பாகு. சோப்பு, உப்பு, சாராய நெடி எல்லாம் கலந்தது. வாங்க ஆளில்லை, கொட்ட அனுமதியில்லை. பீப்பாய்களைக் கொட்டகையில் அடுக்கி எண் எழுதுவதும், அழிந்த எண்ணை மறுபடி எழுதுவதும்தான் அவள் வேலை. படித்தது நுண்ணுயிரியல். எண் எழுத அது உதவவில்லை.

ஆறாவது வருடம், ஒழுகிய பீப்பாய் ஒன்றின் விளிம்பில் இளஞ்சிவப்பாக ஏதோ படர்ந்திருந்தது. துடைக்கத் துணியோடு போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஈஸ்ட். யாரும் சீண்டாத கிளிசரினை அது ஆற அமரச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

கிளிசரினில் அமிலம் விட்டுச் சோப்பைப் பிரித்தாள். ஆய்வகத்தில் சூடேற்றி நெடியை விரட்டினாள். தண்ணீரும் கொஞ்சம் சத்துப்பொருளும் சேர்த்துக் கேனில் ஊற்றி, அந்த ஈஸ்டை விட்டு, மீன்தொட்டி மோட்டாரால் காற்றுக் கொடுத்தாள். நான்காம் நாள் கேன் முழுக்க ரோஜா நிறக் குழம்பு. வடிகட்டி உலர்த்தியதும் சிவப்புப் பொடி.

சோதனையில் தீங்கில்லை என்று வந்தபின், கோழிப்பண்ணை வைத்திருந்த கொழுந்தனிடம் தீவனத்தில் கலக்கக் கொடுத்தாள். இரண்டு வாரத்தில் அவன் உடைத்த முட்டையும் கிண்ணமுமாக வந்து நின்றான்.

"அண்ணி, இத மஞ்சக்கருன்னு சொல்லவே வாய் வரல. செங்கல் மாதிரி செவந்திருக்கு. ஆனா எல்லாரும் இதத்தான் கேக்கறாங்க."

கேக் கடைகள் அந்த முட்டையைக் கேட்டன, பிறகு மீன் பண்ணைகள் பொடியையே கேட்டன. மேலாளர் ஈஸ்ட் வளர்க்க இரண்டு மாடி உயரத்துக்கு எஃகுக் கலன் ஒன்றை நிறுத்தினார். மூன்றே மாதத்தில் கொட்டகை காலி. மேலாளர் அவளைக் கூப்பிட்டு, கழிவு ஏன் குறைகிறது, வேலையில் கவனம் இல்லையா என்று கேட்டார். டீசல் எடுத்தால்தான் கழிவு வரும் என்று அவள் பொறுமையாக விளக்கினாள்.

மறுநாளிலிருந்து கழிவுக்காகவே டீசல் எடுத்தார்கள். விற்பனைக்காரர்கள் அத்தனை பேரும் பொடி விற்கப் போயிருந்ததால் டீசலை விற்க ஆளில்லை. தொட்டிகள் நிரம்பின, பீப்பாய்கள் நிரம்பின. உணவுக்கூடத்தில் பீப்பாய்களுக்கு நடுவே பக்கவாட்டில் நடந்துபோய்ச் சாப்பிட்டார்கள். கடைசியில் சுற்றறிக்கை வந்தது: முதன்மைப் பொருள் பொடி, அதைத் தயாரிக்கும்போது மிஞ்சும் டீசல் கழிவு. எனவே டீசல் கழிவுப் பிரிவுக்கு, பொடி உற்பத்திப் பிரிவுக்கு.

பெற்ற பிள்ளையைத் தூக்கிக் கொடுத்த மாதிரி இருந்தது அவளுக்கு. அதுவும் யாரிடம்? மோட்டார் இரைச்சல் தலைவலி தருகிறது என்று காற்றை நிறுத்திவைக்கிற உற்பத்திப் பிரிவுப் பொறுப்பாளரிடம். தையல்காரரான கணவர், வாயில் குண்டூசியோடு, வேலையை விட்டுவிடச் சொன்னார். அவள் விடவில்லை. கோபத்தில் ஒரு பக்க அறிக்கை எழுதி, முத்திரை குத்தி அனுப்பினாள். 'மேற்படி கழிவை ஆராய்ந்ததில், லாரியில் ஊற்றினால் லாரி ஓடுகிறது.'

மேலாளர் நாற்காலியை விட்டு எழுந்து நின்று படித்தார். உடனே கம்பெனி லாரியில் ஊற்றச் சொன்னார். லாரி முற்றத்தை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தது. ஓட்டுநர் தலையைச் சொறிந்தார்.

"இத்தன வருஷமா இதுலதானே சார் ஓடுது?"

"அப்ப அது எரிபொருள்ப்பா. இப்ப கழிவுல ஓடுது. அதான் விசேஷம்."

அந்த ஆண்டின் சிறந்த கண்டுபிடிப்புக்கான கேடயம் அவளுக்குக் கிடைத்தது. வாங்கிக்கொண்டு, ஈஸ்ட் வளர்ப்பைத் திருப்பித் தரும்படி கேட்டாள். கழிவுப் பிரிவுக்கு முதன்மைப் பொருளைக் கொடுக்க விதியில்லை என்று மேலாளர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

பத்து நாளில் அந்தக் கவலை தீர்ந்தது. காற்றில்லாமல் ஈஸ்ட் செத்து, கலன் முழுக்கச் சாம்பல் நிறத்தில் நாறியது. கெட்டுப்போன சரக்கு கழிவு. ஆகவே கலனோடு சேர்த்து அவள் பிரிவுக்கு வந்துசேர்ந்தது. கழுவுவதற்கு மட்டும் ஒரு வாரம் ஆனது. ஆரம்பத்திலேயே கொஞ்சம் எடுத்து வீட்டுக் குளிர்பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த ஈஸ்டைக் கொண்டுவந்து விட்டாள். நான்காம் நாள் மறுபடி ரோஜா நிறம்.

அவள் கதவைச் சாத்திவிட்டு, பதிவேட்டில் 'கெட்டுப்போனது' என்று எழுதினாள். நல்லது என்று எழுதினால் மறுபடி பிடுங்கிவிடுவார்களே. இன்றைக்கும் அந்தப் பொடி, ஏட்டளவில், கெட்டுப்போன சரக்காகத்தான் வாசலைத் தாண்டுகிறது.