கல்யாணக் கேமராவில் விழுந்த கிரகம்

கம்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம் ஸ்டூடியோ வைத்திருந்தார் சுருளிராஜன். கூடலூர் வரைக்கும் கல்யாணப் படம் எடுக்கப் போவார். ஆல்பம் வேலை மனைவி பவானியுடையது. கம்ப்யூட்டரில் மணப்பெண் முகத்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பதில் கெட்டிக்காரர்.

2009இல் பத்திரிகையில் படித்த ஒரு செய்தி சுருளிராஜனைப் பிடித்துக்கொண்டது. நூற்றைம்பது ஒளியாண்டுக்கு அப்பால் ஒரு நட்சத்திரம். வியாழனைவிடப் பெரிய கிரகம் ஒன்று அதை ஒட்டியே சுற்றுகிறது. மூன்றரை நாளில் ஒரு சுற்று. அது நட்சத்திரத்தின் முன்னால் கடக்கும் மூன்று மணி நேரமும் வெளிச்சம் நூற்றுக்கு ஒன்றரை பங்கு குறையும். கல்யாணக் கேமராவில் அது தெரியுமா என்று பவானியிடம் கேட்டார். தெரியாது என்று பவானி சொல்லவில்லை.

கிரகம் கடக்கும் நேரங்களை இன்டர்நெட்டில் எடுத்தார்கள். முதல் தடவை கேரளப் பக்கமிருந்து மேகம் ஏறி மூடிவிட்டது. அடுத்த தடவை நானூறு படங்களும் பளிச்சென்று வந்தன. நட்சத்திர வெளிச்சத்தின் அளவு மட்டும் படத்துக்குப் படம் தாறுமாறாக இருந்தது. ஊசிமுனை வெளிச்சத்தை அளக்க முடியாது, பரவினால்தான் கணக்கு நிற்கும் என்று கண்டுகொண்ட பவானி, ஃபோகஸைக் கலைக்கச் சொன்னார். இருபது வருஷமாக மங்கலான படத்தை யாருக்கும் கொடுக்காத மனுஷனுக்கு லென்ஸைத் திருப்பக் கை வரவில்லை. ஆனாலும் திருப்பினார்.

அக்டோபரில் மழை விட்ட ஒரு நாள், பொழுது சாய்ந்ததும் மொட்டை மாடியில் நின்று நான்கு மணி நேரம் எடுத்தார்கள். மறுநாள் கடை திறந்ததும் பவானி அந்த நட்சத்திரத்தையும் பக்கத்து நட்சத்திரத்தையும் படம் படமாக அளந்து, கிராஃப் தாளில் புள்ளி வைத்தார். புள்ளிகள் நேராகப் போயின. இறங்கின. வெகுதூரம் தாழ்வாகவே போய், மறுபடி ஏறின.

"மேகமா இருக்குமோ?" என்றார் சுருளிராஜன்.

"மேகம்னா பக்கத்து நட்சத்திரமும்ல மங்கியிருக்கணும். இது மட்டுந்தான் எறங்கிருக்கு. இங்கன பாருங்க, இன்டர்நெட்ல அவுக போட்டுருந்த அதே நேரம்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். யாரும் போக முடியாத தூரத்தில் ஒரு உலகம் தன் சூரியனைக் கடந்திருக்கிறது. அதன் நிழல் தன் கேமராவுக்குள் விழுந்திருக்கிறது.

பவானி மெதுவாகச் சொன்னார்: "இந்த வெளிச்சம் அங்கன கெளம்புறப்ப நம்ம பெரியாறு அணையே கட்டல."

பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்த ஜக்கம்மா என்ற பெண் வெகுநேரமாக நின்றிருந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

கிராஃபை வெளிநாட்டு வான்பார்வை ஆர்வலர் குழு ஒன்றுக்கு அனுப்பினார்கள். இறக்கமும் நேரமும் பொருந்துகின்றன, இனியும் அனுப்புங்கள் என்று பதில் வந்தது. அடுத்த வருஷ ஸ்டூடியோ காலண்டரில் முகூர்த்த நாட்களோடு கிரகம் கடக்கும் நாட்களையும் பவானி குறித்து வைத்தார்.