ஒத்தி வீட்டுக்காரி

வாடகை வாங்கப் போன முதல் நாள் கதவு திறந்த வீட்டிலெல்லாம் எனக்குத் தேநீர் கிடைத்தது. வாடகைதான் கிடைக்கவில்லை.

ராமநாதபுரத்தில் ரயில் நிலையத்தைத் தாண்டி உள்ளே போகும் தெரு ஒன்றில், கீழே இரண்டு மேலே இரண்டு என்று நான்கு வீடுகள் கொண்ட கட்டடம் அது. என் பெயருக்குப் பத்திரம் பதிந்து சில நாள்கள்தான் ஆகியிருந்தன. கீழே முன்வீட்டில் ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநரும் அவர் மனைவியும் இருந்தார்கள். பின்வீட்டில் பாம்பன்காரப் பெண் ஒருத்தி. கணவர் அங்கே கடலுக்குப் போய்க்கொண்டிருக்க, பிள்ளைகளின் படிப்புக்காக இவள் டவுனில் வந்து இருந்தாள். மேலே ஒரு தையல்காரர் குடும்பமும் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒருவரும்.

நடத்துநரின் மனைவி உட்காரவைத்து ஒழுகும் குழாயைக் காட்டினார். தையல்காரர் மோட்டார் சத்தம் தாங்கவில்லை என்றார். எல்லாவற்றுக்கும் நான் பெரிய மனுஷி மாதிரி தலையாட்டினேன். காசு கொடுப்பார்கள், கொடுப்பார்கள் என்று கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கேட்க வாய் வரவில்லை. எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை.

எப்படித் தெரியும்? எங்கள் ஊர் கீழக்கரை. எங்கள் குடும்பங்களில் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் வாப்பா ஒரு வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளைதான் பெட்டியோடு அந்த வீட்டுக்கு வருவார். உம்மா இருப்பது அவர் வாப்பா கொடுத்த வீடு, நான் இருந்தது என் வாப்பா கொடுத்த வீடு. பிறந்ததிலிருந்து நான் வாடகை கொடுத்ததுமில்லை, வாங்கியதுமில்லை. அப்படிப்பட்டவள் நான்கு வீட்டுக்கு முதலாளி ஆகிவிட்டேன்.

கடைசியாகப் பின்வீட்டில்தான் ஒருவழியாகக் கேட்டேன். பாம்பன்காரப் பெண் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"நாங்க ஒத்திக்குல்ல இருக்கோம் பாயம்மா. பழைய வீட்டுக்காரவுக ஒங்ககிட்ட சொல்லலயா?"

ஒத்தி என்றால் என்னவென்று அவளே பொறுமையாக விளக்கினாள். குடிவரும்போது வீட்டுக்காரரிடம் மொத்தமாக ஒரு பெரிய தொகையைக் கொடுத்துவிட வேண்டும். இருக்கும்வரை வாடகை கிடையாது. காலி செய்யும் நாளில் அந்தத் தொகையைக் குறையாமல் திருப்பித் தர வேண்டும். நான்கில் மூன்று வீடு ஒத்தி. ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர் மட்டும்தான் வாடகை. அவரும் அன்று வீட்டில் இல்லை. பழைய வீட்டுக்காரர் தொகையை வாங்கிச் செலவழித்துவிட்டார். திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு வீட்டோடு சேர்ந்து எனக்கு வந்துவிட்டது.

தெருவுக்கு வந்து நின்றபோது எந்தப் பக்கம் போனால் பேருந்து நிலையம் என்பதே மறந்துபோனது.

கட்டடத்தை முடித்துக் கொடுத்த புரோக்கருக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் பதறவில்லை. "ஒத்தியக் கழிச்சுத்தானம்மா வெல பேசுனோம். இல்லாட்டி அந்த வெலைக்கு யாரு தருவா?" என்றார். அந்த விலையை நான் பேரம் பேசிக் குறைத்ததாக உறவுக்காரர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். வீடு காட்டிய அன்றே அவர் சொல்லவும் செய்திருக்கிறார். அந்த நேரம் நான் கொல்லையில் குழாய்த் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் வீடு பார்க்கிறவர்கள் முதலில் பார்ப்பது உப்பா நல்ல தண்ணியா என்பதைத்தான். தண்ணீர் இனித்தது. மற்றதெல்லாம் காதில் விழவில்லை. ஏமாற்றினார் என்று ஒருவரைத் திட்டவாவது முடிந்திருந்தால் மனசு ஆறியிருக்கும்.

இத்தனைக்கும் இந்தக் கட்டடத்தை வாங்கியதே ஒரே காரணத்துக்காக. என் மச்சானை ஊருக்குக் கூட்டிவர. கணவரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். கல்யாணம் ஆன வருஷமே சவூதிக்குப் போனவர், ஒரு கம்பெனியில் வேன் ஓட்டுகிறார். சர்க்கரை வந்துவிட்டது, முழங்கால் மடங்கவில்லை. எங்கள் ஒரே மகனும் சென்னையில் வேலைக்குப் போய்விட்டான். வாடகை வர ஆரம்பித்துவிட்டால் நீங்கள் வந்துவிடுங்கள் என்று நான்தான் சொன்னேன். யூடியூபில் வாடகை வீட்டு முதலீடு பற்றி ஒருவர் தினமும் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அவ்வளவு தைரியம். மச்சானும் என் பேச்சை நம்பி, வேலையை விடுவதாகக் கம்பெனியில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

அன்று ராத்திரி போனில் "வாடகை வந்துச்சா?" என்று கேட்டார். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் குழம்பிய குழப்பம் சொல்லி மாளாது. கட்டடம் என்னுடையதா, குடியிருக்கிறவர்களுடையதா? வரி நான் கட்டுகிறேன், குழாய் நான் மாற்றுகிறேன், மின்விசிறிக்குக் கீழே அவர்கள் படுத்திருக்கிறார்கள். உம்மாவிடம் சொன்னால், ஒத்தி என்பதே வட்டி மாதிரிதான், ஹராம், மார்க்கத்துக்கு ஆகாதது, அந்தப் பேச்சையே இந்த வீட்டில் எடுக்காதே என்றார். பள்ளிவாசல் ஹஜ்ரத் ஒருவரைக் கேட்டோம், கூடாது என்றார். இன்னொருவர், சிறிதாவது வாடகை வாங்கிக்கொண்டால் கூடும் என்று சொல்வாரும் உண்டு என்றார். வாங்குவது ஹராம் என்றே வைத்துக்கொண்டாலும் நான் வாங்கவில்லையே, திருப்பித்தானே தரப்போகிறேன் என்று கேட்டேன்.

இந்த நிலையில் பாம்பன்காரப் பெண் வந்தாள். மூத்தவன் பள்ளிக்கூடம் முடித்துவிட்டான், ஊருக்கே போகிறோம், படகுக்கு இஞ்சின் வாங்க வேண்டும், ஒத்திக் காசைத் தந்துவிடுங்கள் என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது, அது அவள் காசு. புரோக்கர் சுலபமான வழி ஒன்று வைத்திருந்தார். ஒரு வாத்தியார் குடும்பம் அதைவிடக் கூடுதலாக ஒத்தி தரத் தயாராக இருக்கிறதாம். அதை வாங்கி இதைக் கொடுத்துவிடலாம். அப்படிச் செய்தால் வீடு மறுபடி வாடகை இல்லாமல் கிடக்கும். உம்மா என் கையில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார்.

வேறு வழியில்லாமல் மச்சானிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "நாலு வீடு இருக்கு, ஒரு வீட்டு வாடகைதான் வருது, மத்தவுகளுக்கு நாமதான் காசு குடுக்கணும். அப்படித்தானே?" என்றார். ஆமாம் என்றேன். பிறகு, சர்வீஸ் காசு வரும், அதை வைத்து அந்தப் பொம்பளைக்குக் கொடுத்துவிடலாம், வந்து பேசிக்கொள்வோம் என்றார். திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

வந்தார். அத்தனை வருஷ உழைப்புக்குக் கம்பெனி கொடுத்த காசில் பெரும்பகுதியைப் பாம்பன்காரப் பெண்ணிடம் கொடுத்தோம். அவள் கண் கலங்கிச் சாவியைத் தந்துவிட்டுப் போனாள். வீடு காலி. நான் சுவரைப் பார்த்து, வெள்ளையடித்தால் எவ்வளவு வாடகைக்கு விடலாம் என்று பேசிக்கொண்டே திரும்பினேன். மச்சான் வெறும் தரையில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். மத்தியான வெயில் ஜன்னல் வழியாக அவர் கால்மேல் விழுந்தது.

"இத யாருக்காவது விட்டுத்தான் ஆகணுமா?" என்றார்.

விட்டால்தானே நீங்கள் இங்கே இருக்க முடியும், இல்லாவிட்டால் திரும்ப விசாவுக்கு அலைய வேண்டியதுதான் என்றேன். அவர் மேல்கூரையைப் பார்த்தபடியே பேசினார்.

"அங்கன கம்பெனி ரூம்ல ஒரு கட்டில். இங்கன வந்தா ஒன் வாப்பா வீடு. என் காசுல வாங்குன எடத்துல இன்னைக்குத்தான் படுத்திருக்கேன்."

எனக்கு முதலில் வந்தது கோபம். எங்கள் வீட்டில் இவருக்கு என்ன குறை? லீவில் வந்தால் தினமும் கறி, புதுக் கைலி, உம்மா தன் கையால் பரிமாறுவார், இவர் கை கழுவும்வரை யாரும் உட்காரமாட்டோம். இதையெல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தவளுக்கு, இதெல்லாம் விருந்தாளிக்குச் செய்வது என்பது அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷமும் அவர் என் வீட்டில் விருந்தாளியாகத்தான் இருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கீழக்கரைக்குப் பேருந்தில் திரும்பும்போது பாதி வழியில் கேட்டேன். "நம்ம வீட்ட வாடகைக்கு விட்டுட்டு நாம அந்தப் பின்வீட்டுக்குப் போயிருவோமா மச்சான்?"

அவர் பயந்துபோய்ப் பார்த்தார். ஊர் என்ன சொல்லும் என்றார். ஊரா உங்களுக்குச் சர்க்கரை மாத்திரை எடுத்துத் தருகிறது என்று கேட்டேன். பக்கத்து இருக்கைப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

ஊர் நிறையச் சொன்னது. வாப்பா கொடுத்த வீட்டில் வெளியாளை உட்காரவைத்த பெண் எங்கள் தெருவில் எனக்கு முன்னால் யாருமில்லை. உம்மா ஒரு மாதிரி ஆகிவிட்டார். என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டு, சொல்ல வேண்டியதை மாப்பிள்ளையிடம் சொல்லி அனுப்பினார். வாப்பா உயிரோடு இருந்திருந்தால் நானே இதைச் செய்திருப்பேனா என்று தெரியவில்லை. சரியா தப்பா என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. எங்கள் ஊருக்கு வேலைக்கு வந்த ஒரு பல் மருத்துவர் குடும்பம் நல்ல வாடகைக்கு வந்தது. வாடகை கேட்கவும் நான் அங்கேதான் பழகிக்கொண்டேன். நடத்துநருக்கும் தையல்காரருக்கும் கொடுக்க வேண்டிய ஒத்தி தலைக்குமேல் அப்படியே இருக்கிறது. அவர்கள் ஊருக்குப் போவதாகப் பேச்செடுத்தாலே நான் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். மச்சான் இப்போது காலையிலும் சாயங்காலமும் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார்.

பின்வீட்டுக்கு நாங்கள் குடிவந்த வாரம் கேஸ் சிலிண்டர் போட ஒருவர் வந்தார். ரசீதில் எழுதிக்கொண்டே, புதுசா வந்திருக்கீங்களா, வாடகையா ஒத்தியா என்று சும்மா விசாரித்தார். பட்டா ஒரு பெயரில், காசு ஒருவருடையது, சாவி வேறு கைகளில் என்று என் தலைக்குள் எல்லாம் ஓடியது. அவருக்கு என்ன பதில் சொல்வது என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தேன்.

மச்சான் உள்ளேயிருந்து வந்து சிலிண்டரை வாங்கி உருட்டிக்கொண்டே சொன்னார்.

"எங்க வீடுதான் தம்பி. செருப்ப அங்கன விட்டுட்டு உள்ள வாங்க, டீ குடிச்சுட்டுப் போலாம்."

அவர் ஒருவரை வீட்டுக்குள் கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் அடுப்படிக்குப் போய்ப் பாலைச் சூடு பண்ணினேன்.