அம்சத்தின் வேலைக்குத் தெரு கை தூக்கியது

அம்சம் எந்த வேலைக்குப் போக வேண்டும் என்பதை அவளுடைய தெருவே கூடி உட்கார்ந்து, கை தூக்கித்தான் முடிவு செய்தது. கேட்டால் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. சட்டமன்றத்தில்கூட ஒரு பெண்ணின் வேலையைப் பற்றி அவ்வளவு நேரம் பேசியிருக்க மாட்டார்கள்.

எழுபத்து மூன்றாம் வருடம், மாசி மாதம். நானும் அம்சமும் தஞ்சாவூரில் ஒரே வகுப்பில் நர்சிங் படித்து முடித்திருந்தோம். விடுதியில் ஒரே அறை. நான் மெஹராஜ் பேகம். கீழவாசலில் பாத்திரக் கடை வைத்திருந்த முகம்மது யூசுப்பின் மகள். அவள் குடவாசலுக்குத் தெற்கே, பெரியகட்டளை என்ற ஊரின் கீழத்தெருவில், வயல் வேலை செய்யும் காத்தானுக்கும் ராசம்மாளுக்கும் பிறந்தவள்.

அம்சத்துக்கு ஆபரேஷன் தியேட்டர் என்றால் உயிர். எனக்கோ அந்த ஈதர் மயக்க மருந்து வாடையே ஆகாது. முதல் நாளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். என்னைத் தாண்டிப்போய் என் இடத்தில் நின்றவள் அவள்தான். பெரிய டாக்டர் கண்ணை எடுக்காமல் கையை மட்டும் நீட்டுவார். அவர் வாய் திறப்பதற்குள் வேண்டிய கத்தரியோ இடுக்கியோ அந்தக் கையில் இருக்கும். தையல் போட்டு முடித்து நோயாளியை வெளியே தள்ளிக்கொண்டு போன பிறகு அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். கல்யாண வீட்டில் எல்லாரையும் கவனித்துவிட்டுக் கடைசிப் பந்தியில் உட்காருகிறவர்களுக்கு அப்படி ஒரு முகம் இருக்கும். சோர்வும் சந்தோஷமும் பாதிப் பாதி.

பரீட்சை முடிவு வந்த கையோடு அவளுக்கு மூன்று வேலை வந்தது. ஒன்று, தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியிலேயே, தியேட்டர் நர்ஸாக. இன்னொன்று, அவள் ஊருக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்திருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில். பிரசவமும் தடுப்பூசியும் பார்க்கலாம். ஆபரேஷன் என்ற பேச்சே அங்கே கிடையாது. மூன்றாவது, ஊர் மிராசுதார் ஆள் விட்டுச் சொல்லியனுப்பியது. அவருடைய மருமகன் கும்பகோணத்தில் சொந்தமாக ஆஸ்பத்திரி தொடங்கியிருந்தார். சம்பளம் மற்ற இரண்டையும்விடக் கூடுதல்.

சுகாதார நிலையத்துக்கான பட்டியலில் அம்சத்துக்கு அடுத்த பெயர் என்னுடையது. ஆனால் அத்தா, எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், என்னைக் காத்திருக்க விடவில்லை. கடைக்கு எதிரே இருந்த டாக்டரிடம், ‘அடுத்த மாசம் புள்ளை வந்து சேந்துக்கும்’ என்று வெற்றிலை மடிக்கிற நேரத்தில் பேசி முடித்துவிட்டார். அங்கே காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் ஊசி போடலாம். நான் சரி என்றேன். வேறு பதில் ஒன்று இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

அம்சம் பேசாமல் தியேட்டருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அவள் அப்பா கொடுத்திருந்த வாக்கு குறுக்கே நின்றது.

காத்தான் அந்தத் தெருவின் விவசாயத் தொழிலாளர் சங்கத் தலைவர். அறுவடைக்கு எவ்வளவு நெல் கூலி கேட்பது, வேலைநிறுத்தத்தை எப்போது முடிப்பது, மிராசுதார் வெளியூர் ஆளை இறக்கினால் என்ன செய்வது, எல்லாவற்றையும் கொடிக்கம்பத்தடியில் பேசிக் கை தூக்கி முடிவு செய்வார்கள். நாலு குடும்பம் பின்வாங்கினாலும் எல்லார் அடுப்பும் அணைந்துவிடும் என்ற காலத்தில் வந்த பழக்கம் அது. பழக்கம் முற்றிப்போய், எதற்கெடுத்தாலும் கை தூக்க ஆரம்பித்துவிட்டார்கள். மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுவது என்றைக்கு, அதற்குக் கை. திருவிழாவுக்கு எந்த ஊர் நாடகம், அதற்கும் கை. அம்சம் நர்சிங் படிக்கப் புறப்பட்டபோதும் ஒரு கூட்டம் போட்டிருக்கிறார்கள். ‘படிச்சிட்டு எம்பொண்ணு நம்ம பக்கமேதான் வரும்’ என்று காத்தான் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அந்த வார்த்தையை அவர் மட்டும் மாற்ற முடியாது. தெரு மாற்றினால்தான் உண்டு.

அம்சம் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு காலாகத் தவித்தாள். “நீயும் கூட வாடி. அங்க நான் அழுதுட்டேன்னா என்னை வெளிய இழுத்துட்டு வந்துடு” என்று என்னையும் அழைத்துக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டாள். அத்தாவிடம் தோழி வீட்டில் விசேஷம் என்று சொன்னேன். பொய்யில்லை, அப்படி ஒரு விசேஷத்தை நான் பிறகு எங்கும் பார்த்ததில்லை.

குடவாசலில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தோம். அறுவடை முடிந்த வயல்களில் உளுந்தும் பயறும் பச்சையாகப் படர்ந்து கிடந்தன. கீழத்தெரு முனையில் இரண்டு கொடிக்கம்பங்கள். ஒன்றில் சிவப்புக் கொடி, அது சங்கத்துக்கு. இன்னொன்றில் கறுப்பும் சிவப்பும், அது ஆளுங்கட்சிக்கு. குடியிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே சொந்தம் என்று சட்டம் வந்த பிறகு அந்தக் கம்பமும் முளைத்திருந்தது. மிராசுதார் கோபித்துக்கொண்டால் குடிசையைப் பிரித்துப் போட்டுவிடலாம் என்ற பயம் அந்தச் சட்டத்தோடு போயிற்று. எந்தக் கம்பத்தடியில் கூட்டம் நடத்துவது என்பதற்கே முதலில் கை தூக்கினார்கள். இரண்டு பக்கமும் சமமாக வந்ததால், நடுவில் வெயிலில் உட்கார்ந்தோம்.

மிராசுதார் சொன்ன வேலைதான் முதலில் எடுக்கப்பட்டது. “சம்பளம் கூடத்தான்” என்றார் காத்தான். “ஆனா தோப்போரத்து மனைங்களுக்கு நாம பட்டா கேட்டிருக்கோம்ல, அத வாபஸ் வாங்கிடணுமாம். மிராசுதாரோட காரியக்காரர் சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போறாரு. இதுக்குச் சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க.”

ஒரு கையும் எழவில்லை. கடைசி வரிசையில் ஒருவருக்கு முதுகு அரித்திருக்கிறது. சொறிவதற்காகத் தூக்கிய கையைப் பக்கத்தில் இருந்தவர் பிடித்துக் கீழே இறக்கினார்.

அடுத்து, சங்கச் செயலாளர் வீரையன் எழுந்தார். அவருடைய மனைவி ரெங்கம்மாள் முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

“முந்தின வருசம் ஐப்பசியில என்ன நடந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும்” என்றார் வீரையன். “இவளுக்கு வலி எடுத்துடுச்சு. அடை மழை. வண்டி சேத்துல எறங்கிடுச்சு. கட்டிலோட தூக்கிக்கிட்டு ஓடினோம். போய்ச் சேர்றதுக்குள்ள புள்ளை போயிடுச்சு. இப்பக் கூப்பிடு தூரத்துல ஆஸ்பத்திரி வந்திருக்கு. போய்க் கதவத் தட்டுனா நம்ம பொண்ணு தொறக்கணும். வேற யாராச்சும் இருந்தா எந்தத் தெருன்னு கேட்டுட்டுத்தான் தொறப்பாங்க. காத்தாண்ணன் குடுத்த வாக்கை அம்சம் காப்பாத்தணும்.”

அதுவரை எனக்கு அந்தத் தெருவின் மேல் எரிச்சல்தான். ஒரு பெண்ணின் வேலைக்கு இத்தனை நாட்டாமையா என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன். வீரையன் பேசி முடித்ததும் எனக்குப் பொருமக்கூட வழியில்லாமல் போயிற்று. அவர் சொன்னதில் எதைத் தப்பு என்று சொல்வது?

அம்சம் எழுந்தாள். பஸ்ஸில் வரும்போதே அவளுக்கு நான் பாடம் நடத்தியிருந்தேன். ‘பெரியாஸ்பத்திரியில இருந்தா ஊர்லேருந்து வர்றவங்களுக்கு ஒத்தாசையா இருக்கும்னு சொல்லு, பெரிய டாக்டர்ங்க பழக்கம் கிடைக்கும்னு சொல்லு’ என்று வரிசையாகச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அத்தனையையும் காற்றில் விட்டாள்.

“சித்தப்பா சொல்றது நெசந்தான். ரெங்கம்மா சித்திய நெனச்சா எனக்கும் வயிறு எரியுது” என்றாள். “ஆனா எனக்கு தியேட்டர் வேலைதான் புடிச்சிருக்கு.”

தெரு கொல்லென்று சிரித்தது. “புடிச்சிருக்கா? மாப்பிள்ளையா பாத்துட்டு வந்திருக்கே?” என்று ஒரு குரல். வீரையன் சிரிக்கவில்லை. “வேலைன்னா செய்யிறதும்மா. அதுல புடிக்கிறது என்ன, புடிக்காதது என்ன?” என்று கேட்டார். கிண்டல் இல்லை. மெய்யாகவே புரியாமல்தான் கேட்டார்.

அம்சம் உட்கார்ந்துவிட்டாள். அவள் கண் நிறைந்துவிட்டது. நான் அவள் தொடையைக் கிள்ளினேன். இழுத்துக்கொண்டு போகிற கட்டம் வந்துவிட்டதோ என்று எனக்குப் பயம். காத்தான் தொண்டையைச் செருமினார். தலைவர் என்ற முறையில் வீரையனின் தீர்மானத்தை அவர்தான் சொல்லிக் கை கேட்க வேண்டும்.

“இருங்க. நான் ஒரு வார்த்தை சொல்லணும்.”

ராசம்மாள். நடவில் அந்தத் தெருப் பெண்களுக்கு அவள்தான் முதல் ஆள். அவள் வயலில் இறங்கிக் குனிந்தால்தான் மற்றவர்கள் குனிவார்கள். கூட்டத்தில் மட்டும் அவள் வாய் திறந்ததே இல்லை. கணவர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கையைத் தூக்கிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

“எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேருந்து நாத்து நடுறேன், களை பறிக்கிறேன், கதிர் அறுக்கிறேன்” என்றாள். “ராசம்மா, இந்த வேலை ஒனக்குப் புடிச்சிருக்கான்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல. மிராசுதாரு கேக்கல, இவரு கேக்கல, நீங்களும் கேக்கல. நானே என்னைக் கேட்டுக்கிட்டதில்ல. கேட்டா மட்டும் வேற வேலையா இருந்துச்சு? நம்ம தெருவுல மொதமொத ஒரு பொண்ணு எந்திரிச்சு நின்னு, எனக்கு இது புடிச்சிருக்குன்னு சொல்லுது. அதுக்குப் போய்ச் சிரிக்கிறீங்க. வேற எதுக்கு இத்தனை வருசம் கொடி புடிச்சோம்? அவ போகட்டும். நான் கை தூக்குறேன்.”

தூக்கியும் விட்டாள். தீர்மானமே இன்னும் சொல்லப்படவில்லை. முறைப்படி பார்த்தால் செல்லாத கை. அதை எடுத்துச் சொல்ல அங்கே யாருக்கும் துணிச்சல் இல்லை. அவளுக்கு அடுத்து உட்கார்ந்திருந்த ராமாயி தூக்கினாள். அப்புறம் நடவு வரிசை மாதிரியே பெண்கள் பக்கம் ஒன்றன்பின் ஒன்றாகக் கைகள் எழுந்தன. ஆண்களில் சிலர் தங்கள் வீட்டுப் பெண்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, இரவுச் சோற்றை நினைத்தோ என்னவோ, தாங்களும் தூக்கினார்கள்.

காத்தான் எண்ணவில்லை. எண்ண வேண்டிய தேவையும் இல்லை. “அம்சம் தஞ்சாவூர் போறதுன்னு தீர்மானம் ஆயிடுச்சு” என்று உரக்கச் சொல்லிவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தெருவே மாற்றிவிட்டதால் அவர் வாக்குத் தவறியவர் ஆகவில்லை, மகளும் ஜெயித்துவிட்டாள். மனிதர் பாவம், இரண்டுக்கும் சேர்த்து ஒரே மூச்சில் அழுதார்.

அதற்குப் பிறகு அம்சம் முப்பது வருடம் தியேட்டரில் நின்றாள். ஓய்வு பெற்ற அன்று ஒரு இளம் டாக்டர், “சிஸ்டர், இனிமே நாங்க எல்லாத்தையும் வாயத் தொறந்து கேட்டு வாங்கணுமே!” என்று புலம்பினாராம். அதைச் சொல்லிச் சொல்லி இன்னும் சிரிப்பாள். பிடித்த வேலை செய்தவளுக்கு வயதாவதுகூட அழகாகத்தான் இருக்கிறது.

ஆனால் அன்றைய கூட்டம் அதோடு முடியவில்லை. பெண்களில் ரெங்கம்மாள் மட்டும் கை தூக்கவில்லை. எல்லாரும் எழுந்திருக்கப் போகிற நேரத்தில் அவள் மெல்லச் சொன்னாள்:

“அம்சம் நல்லா இருக்கட்டும். அப்ப எனக்குக் கதவத் தொறக்க யாரு வருவா?”

அவள் மறுபடி முழுகாமல் இருந்தாள். அது அங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ராசம்மாள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

“நீயும் நர்சுக்குப் படிச்ச புள்ளைதானே பாப்பா? ஒனக்கு என்ன வேலை புடிக்கும்?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரும் கேட்டிராத கேள்வி. கடை வைத்திருக்கிற வீட்டில் பிறந்து, மூன்று வேளைச் சோற்றுக்குக் குறைவில்லாமல் வளர்ந்தும், இந்த விஷயத்தில் ராசம்மாளும் நானும் ஒன்றுதான் என்று அந்த நிமிஷம்தான் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இழுத்துக்கொண்டு போக வந்தவள் நான்!

“பிரசவம் பாக்கப் புடிக்கும்” என்றேன். “புள்ளை வெளிய வந்ததும் மொதல்ல ஒரு சத்தம் போடும்ல, அது புடிக்கும்.”

“நான் வேண்டாம்னு எழுதிக் குடுத்தா அடுத்த பேரு இவதாம்மா!” என்று அம்சம் கத்தினாள். வீரையன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். “அப்ப இதையும் ஓட்டுக்கு விட்டுடுவோம்.”

“இதுக்கு எங்க அத்தாதான் கை தூக்கணும்” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ரெங்கம்மாள் சிரிக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கடையில் அத்தா தனியாக இருந்தபோது சொன்னேன்.

“எதுத்தாப்புல இருக்குற டாக்டர்கிட்ட சொல்லியாச்சேம்மா” என்றார்.

“நீங்க சொன்னீங்க அத்தா. எனக்குப் புடிக்குமான்னு கேக்கல. எனக்குப் பிரசவம் பாக்குற வேலைதான் புடிக்கும். குடவாசல் பக்கம் போறேன்.”

கையிலிருந்த தவலையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். கோபித்துக்கொள்ளப் போகிறார் என்று நான் காத்திருந்தேன்.

“அங்க சோத்துக்கு என்ன செய்வே?” என்று கேட்டார்.

“ராசம்மான்னு ஒருத்தங்க இருக்காங்க அத்தா, அவங்க போடுவாங்க. அம்சத்தோட அம்மா. எனக்கு என்ன புடிக்கும்னு அவங்கதான் கேட்டாங்க.”

அத்தா தவலையைக் கீழே வைத்தார்.

“நாந்தானேம்மா கேட்டிருக்கணும்” என்றார்.