வீடு பார்த்துக்கோ

கனடாவின் சஸ்காட்செவனில் கோதுமை அறுவடை நடந்துகொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, என் அண்ணன் ஓரெஸ்ட் ஐஸ் ஹாக்கி அணியின் பயிற்சி முகாமுக்குக் கிளம்பினான்.

"ஒரே பெட்டிதானா? அடுத்த வாரமே திரும்பி வர்ற எண்ணமோ?" என்றார் அப்பா.

"வீடு பார்த்துக்கோன்னு மேனேஜர் சொல்லட்டும்ப்பா. மிச்சத்தை அப்புறம் அனுப்புங்க."

அப்படி, தங்க ஒரு வீடு பிடிக்கச் சொன்னால்தான் இளம் வீரனுக்குப் பெரிய அணியில் இடம் உறுதி. அதுவரை ஓட்டல் அறைதான். ஆறு ஆண்டுகளில் பதினான்கு முறை அவனைப் பெரிய அணிக்கு அழைத்தார்கள். பதினான்கு முறையும் சின்ன அணிக்கே திருப்பி அனுப்பினார்கள். பிறகு முழங்கால் போயிற்று. பெரிய அணியிலேயே புதுப் பையன்களைப் பழக்கும் வேலையில் ஒட்டிக்கொண்டான்.

பல ஆண்டுகள் நாடு நாடாகச் சுற்றிவிட்டு நான் வீடு திரும்பிய வாரம் அவனிடமிருந்து செய்தி வந்தது.

"இன்னிக்கு ஒரு பையன்கிட்ட, வீடு பார்த்துக்கோன்னு என்னையே சொல்லச் சொன்னாங்க. சொல்லிட்டு ஓட்டல் ரூமுக்கு வந்துட்டேன். அன்னிக்கு வீட்டுலேர்ந்து கொண்டுவந்த பெட்டியில இருக்கறத இன்னும் வெளிய எடுத்து வைக்கல."