கேஸ் இல்லாத சாட்சி

எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். ஆண்டவர் செய்த நன்மையை யாராவது எழுந்து சொல்வார்கள். காய்ச்சல் விட்டது, மகனுக்கு வேலை கிடைத்தது, காட்டில் தொலைந்த மாடு வந்து சேர்ந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்த கதைகள்தான். போன வருஷம் என் கதை மட்டும் முடியாமல் கிடந்தது.

என் வீட்டுக்காரர் புளி உலுக்க மரம் ஏறியவர், கிளை முறிந்து விழுந்துவிட்டார். மலையிறங்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இடுப்பில் ஆபரேஷன் செய்தோம். எலும்பு கூடிவிட்டது, தினமும் எழுந்து நின்று பழகினால் நடந்துவிடலாம், படுத்தே கிடந்தால் கால் சூம்பிவிடும் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். இவரோ மலைமேல் எங்கள் ஊரான ஜமுனாமரத்தூருக்கு வந்து சேர்ந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தூக்கிவிடப் போனால் என் கையைத் தட்டிவிடுவார்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அவர்மேல் வந்தது, சபையார்மேல் அதைவிட அதிகமாக வந்தது. பார்க்க வந்த ஒருத்தர், உங்களுக்கு விசுவாசம் குறைவு, அதனால்தான் தாமதம் என்றார். நான் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டேதான் சொன்னார். டம்ளரைப் பிடுங்காத குறை. தையல் மெஷினை மிதித்தபடி ஆண்டவரிடமும் சண்டை போட்டேன். அவரை நடக்க வையும் என்று கேட்பதை விட்டு, நிற்க வேண்டும் என்ற ஆசையையாவது அவருக்குக் கொடும் என்று கேட்க ஆரம்பித்தேன். பதிலே இல்லை. ஆனாலும் கேட்பதை நிறுத்தவில்லை. நிறுத்திவிட்டு யாரிடம் போவது?

ஒரு சனிக்கிழமை போதகர் போன் செய்து, நாளைக்கு நீங்களும் சாட்சி சொல்லுங்கம்மா என்றார். நல்லவர்தான், என்னைத் தேற்ற நினைத்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. பக்கத்து வீட்டு அக்காவிடம் போய், என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிடுகிறார்கள், நான் என்னத்தைச் சொல்வேன் என்று புலம்பினேன். அக்கா மலைக்காரர், அம்மன் கோயிலுக்குப் போகிறவர், எங்கள் சபை வாசலை மிதித்ததில்லை. சாமை புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, எங்கே, எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் நல்ல புடவை கட்டி, கையில் ஆதார் கார்டுடன் என் வீட்டு முன் நின்றார். துணைக்கு வருகிறார் போலிருக்கிறது, ஆதார் கார்டு எதற்கோ என்று நினைத்துக் கூட்டிப்போனேன். சாட்சி நேரம் வந்தது. போதகர் என்னைப் பார்த்தார். நான் எழுவதற்குள் அக்கா எழுந்துவிட்டார்.

"நான் பார்த்தேங்க. கிளை முறிஞ்சிதான் வுழுந்தாரு. யாரும் தள்ளல. இந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லீங்க."

சாட்சி என்றால் கோர்ட்டுச் சாட்சி, என்மேல் ஏதோ கேஸ் போட்டுவிட்டார்கள் என்று அவர் நினைத்திருக்கிறார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சபையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அக்கா நிறுத்தவில்லை.

"எங்க வூடு பக்கத்துல தாங்க, பேசறது எல்லாம் கேக்கும். தெனம் அவங்க சாமிகிட்ட சண்ட போடுது. சண்ட போட்டுட்டு மறுபடியும் அவருகிட்டயேதான் கேக்குது. வேற எங்கயும் போவல. இதுக்கு நான் சாட்சிங்க."

சிரிப்பு அடங்கிவிட்டது. காபி குடித்த மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை பொங்கி வந்தது. என் சண்டையெல்லாம் அவிசுவாசம் என்று நானே வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப்பக்கம் கேட்ட ஒருத்திக்கு அது ஜெபமாகப் பட்டிருக்கிறது. போதகர், இந்த அம்மா சொன்னதே இன்றைய சாட்சி என்று சொல்லி உட்கார்ந்தார். அக்கா ஆதார் கார்டை அவரிடம் நீட்டினார், அவர் பாவம் அதை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து, சுவரைப் பார்த்துக் கிடந்த முதுகிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆதார் கார்டு கதைக்கு வந்தபோது அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தார், பாவி மனுஷன். மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"வுழுந்தவன் நானு. எனக்கு அந்தக்கா வந்து சாட்சி சொல்றதா? அடுத்த வாரம் நானே வர்றேன். புடி."

இடுப்பைச் சுற்றிக் கை கொடுத்தேன். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றார். கால் வெடவெடவென்று நடுங்கியது, கொஞ்ச நேரம்கூட நிற்க முடியவில்லை, உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கி முடித்ததும், நாளைக்கும் நிற்கிறேன் என்றார், நான் கேட்காமலே.