வெர்னாவிடம் மூன்று முறை கேட்க வேண்டும்

பெரிய ஏரியைப் பார்த்தபடி இருக்கும் எங்கள் மலையூர் துலூத்தின் மேற்குச் சரிவில் வளர்ந்த யாருக்கும் வெர்னா ஸ்கோக்லண்டைத் தெரியும். இருபத்தாறு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். பனி உறைந்த செங்குத்துச் சாலையில் நாற்பது பிள்ளைகளோடு விசிலடித்துக்கொண்டே இறங்குவார். நானும் பன்னிரண்டு வருடம் அதில் போனவள்தான். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உள்ளே சத்தம் மிஞ்சினால் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பின்னல் ஊசிகளை எடுப்பார். அரை வரிசை பின்னுவதற்குள் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது.

போன நவம்பரில், முதல் பனி விழுந்த அன்றே, வாசற்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆம்புலன்ஸில் வந்தவர் "வலி எப்படி இருக்கு?" என்று கேட்டதற்கு, "குறை சொல்ல ஒண்ணுமில்ல. உங்களுக்குத்தான் இந்தக் குளிர்ல அலைச்சல்" என்றாராம்.

ஐந்து மாதம் வேலைக்குப் போகவில்லை. வீட்டுக் கடன் தவணைகள் நின்றுபோயின. ஏப்ரலில் மறுபடி வண்டியில் ஏறியதும் ஒரு மாதத் தவணையை அனுப்பினார். மொத்தப் பாக்கியும் வந்தால்தான் ஏற்போம் என்று வங்கி அதைத் திருப்பி அனுப்பிவிட்டது.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. வீடு பறிபோகும் நிலையில் இருப்பவர்களுக்கு இலவச ஆலோசனை சொல்லும் சிறிய அலுவலகத்தில் எனக்கு வேலை. திங்கட்கிழமை காலைகளில் செய்தித்தாளின் ஏல அறிவிப்புகளைப் படித்து முகவரிகளைக் குறித்துக்கொள்வேன். ஏப்ரல் கடைசி வாரத்தில் அந்தப் பொடி எழுத்துகளுக்கு நடுவே வெர்னாவின் பெயர் இருந்தது. ஜூன் பதினேழாம் தேதி மாவட்டக் காவல் அதிகாரியான ஷெரிஃபின் அலுவலகத்தில் வீடு ஏலம்.

அன்று மாலையே போனேன். கூடத்தில் அட்டைப்பெட்டிகள். பாதிப் பாத்திரங்களைக் கட்டி முடித்திருந்தார்.

"வெர்னா, இது என்னோட வேலைதான். நான் உதவி பண்ணட்டுமா?"

"ஐயோ, வேண்டாம் கண்ணு. உனக்கு ஆயிரம் வேலை இருக்கும். என்னைவிடக் கஷ்டப்படுறவங்க எத்தனை பேர் இருக்காங்க!"

அலுவலகப் படிவத்தில் 'உதவி மறுத்தார்' என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். இரவுச் சாப்பாட்டில் அப்பாவிடம் சொன்னேன். அவர் இரும்புத் தாது ஏற்றிப் போகும் ரயிலில் வேலை பார்ப்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"எத்தனை தடவை கேட்ட?"

"ஒரு தடவை."

"ஒரு தடவையா! சிக்னே, இந்த ஊர்ல ஒரு தடவை கேட்டா அதுக்குப் பேரு கேக்குறதா? முதல் 'வேண்டாம்' மரியாதை. ரெண்டாவது 'வேண்டாம்' கூச்சம். மூணாவது தடவை சொல்றதுதான் பதில். இதை மறக்கவா நாலு வருஷம் படிச்ச?"

அப்பா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. ஒருவருடைய முடிவை மதிக்க வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். நான் மதித்தது வெர்னாவின் முடிவையா, சீக்கிரம் கிளம்ப முடிந்த என் வசதியையா?

மறுநாள் மறுபடி போனேன். "வேண்டாம் கண்ணு" என்றார். உட்கார்ந்தேன். இரண்டாவது முறை கேட்டேன். "சும்மா இரு, உங்கப்பாவுக்கு யார் சமைக்கிறது?" என்றார். மூன்றாவது முறை கேட்டேன்.

வெர்னா ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்தார். "உனக்கு ரொம்பத் தொந்தரவு இல்லேன்னா…" என்றார்.

வங்கிக் கடிதங்களை வரிசையாகக் கோப்பில் அடுக்கியிருந்தார். எல்லாவற்றையும் பிரித்துப் படித்திருந்தார். பலர் பயத்தில் பிரிப்பதே இல்லை. ஆனால் வெர்னா ஒவ்வொரு கடிதத்துக்கும், தகவல் சொன்னதற்காக ஒரு நன்றி அட்டை அனுப்பியிருந்தார்.

"பெட்டியெல்லாம் எதுக்குக் கட்டுறீங்க?"

"பதினேழாம் தேதி காலையில சாவியைக் குடுக்கணுமே. வீட்டை அழுக்கா விட்டுட்டுப் போகக் கூடாது பாரு."

"ஏலம் நடந்தாலும் உங்களுக்கு ஆறு மாசம் டைம் இருக்கு வெர்னா. அதுவரைக்கும் இங்கதான் இருக்கலாம், பணம் புரட்டி மீட்கவும் செய்யலாம். ஆனா நாம ஏலம் வரைக்கும் விட வேண்டாம். நீங்க திரும்ப வேலைக்குப் போறீங்க, சம்பளம் வருது. பாக்கியைக் கடனோட கடைசில சேக்கச் சொல்லிக் கேக்கலாம். அது முடியலேன்னா ஏலத்துக்கு முன்னாடி நாமளே நல்ல விலைக்கு விக்கலாம். ஆனா உதவி கேட்டு எழுதுற முழு விண்ணப்பம் ஏலத்துக்கு முப்பத்தேழு நாளைக்கு முன்னாடியே வங்கி கைக்குப் போயிடணும். அப்பதான் பதில் சொல்லாம ஏலம் விட முடியாது."

எண்ணிப் பார்த்தோம். பதினோரு நாள் இருந்தது.

ஸ்பீக்கரைப் போட்டு வங்கியைத் தொலைபேசியில் கூப்பிட்டோம். எடுத்தவர் பெயர் டெரன்ஸ், டெக்சாஸில் இருந்தார். கணினியைப் பார்த்துவிட்டு, "பிப்ரவரி ஒன்பதாம் தேதி உங்களுக்கு உதவித் திட்டம் வேணுமான்னு கேட்டிருக்கோம் மேடம். வேண்டாம்னு சொல்லியிருக்கீங்க" என்றார்.

வெர்னாவின் முகம் சிவந்தது. போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் சீறினார்: "ஒரே ஒரு தடவைதான் கேட்டான்! அடுத்த தடவை கேப்பான்னு காத்துக்கிட்டிருந்தேன், போனை வெச்சுட்டான். என்ன வளர்ப்போ!"

புது விண்ணப்பம் அனுப்பலாம் என்றார் டெரன்ஸ். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, வரித்தாள், மருத்துவர் சான்று எல்லாவற்றையும் ஒரே நாளில் சேர்த்துவிட்டோம். பேசியவர் பெயர், தேதி, நேரம் எல்லாம் ஒரு நோட்டில். நடுவில் யாரோ ஒரு மோசடிக்காரர் கூப்பிட்டு, முன்பணம் கட்டினால் வீட்டைக் காப்பாற்றித் தருவதாகச் சொன்னார். நல்லவேளை, அவரும் ஒரு தடவைதான் கேட்டார்.

நாங்கள் மாட்டிக்கொண்டது, விண்ணப்பத்தோடு வைக்க வேண்டிய, கஷ்டத்தை விளக்கும் கடிதத்தில்தான். வெர்னா எழுதியது இவ்வளவு: "நலம். ஏரியில் பனி உருகிவிட்டது. எனக்கு இடுப்பில் சிறு தொந்தரவு இருந்தது, இப்போது பரவாயில்லை. உங்களுக்குச் சிரமம் கொடுத்ததற்கு வருந்துகிறேன்."

பக்கத்து வீட்டு டெல்மர், எலுமிச்சைக் கேக்கோடு வந்தவர், அதை வாங்கிப் படித்தார்.

"என்ன வெர்னா, நீ வங்கிக்குக் கடன் குடுத்த மாதிரி எழுதியிருக்க?"

"ஊரெல்லாம் கேக்க ஒப்பாரி வைக்கச் சொல்றியா?"

"ஒப்பாரி வேண்டாம். நடந்ததைச் சொல்லு. மாடி ஏற முடியாம நாலு மாசம் சோபாவுலதானே படுத்த? சிக்னே, எழுது. ஹீட்டரைக் குறைச்சு வெச்சுட்டு ரெண்டு கோட்டோட உக்காந்திருந்தா. எழுது."

"அது உனக்கெப்படித் தெரியும்?"

"உன் வாசல்ல பனி அள்ளினது யாருன்னு நெனச்ச? ஜன்னல்ல திரை இல்ல, எனக்குக் கண் இருக்கு."

வெர்னா பேனாவை என் கையிலிருந்து வாங்கி, தானே ஒரு பக்கம் முழுக்க எழுதினார். நடுவில் மூக்கைச் சிந்திக்கொண்டார். "தேதியெல்லாம் சரியா இருக்கா பாரு" என்று நீட்டினார். இருந்தது.

கெடுவுக்கு நான்கு நாள் முன்பே எல்லாம் போய்ச் சேர்ந்தது. முழுமையாகக் கிடைத்ததென்று வங்கி எழுத்தில் உறுதி சொன்னது. ஆனால் எனக்கு வேறு பயம். டெரன்ஸ் மறுபடி கூப்பிடுவார், கேள்வி கேட்பார். எனவே மாலைகளில் ஒத்திகை. டெல்மர்தான் டெரன்ஸ்.

"மேடம், கேக் வேணுமா?"

"வேண்டாம், நீ சாப்…"

"போச்சு! வீடு போச்சு! மறுபடி. மேடம், கேக் வேணுமா?"

"…வேணும்."

"பல்லைக் கடிக்காம சொல்லு."

மூன்று மாலைகளில் ஒரு தட்டுக் கேக் தீர்ந்தது. எனக்கு இரண்டு துண்டுகூடத் தேறவில்லை.

மே கடைசியில் டெரன்ஸ் கூப்பிட்டார். ஏலத்தை நிறுத்தி வைப்பதாகவும், மூன்று மாதம் தவறாமல் புதுத் தவணை கட்டினால் பாக்கி முழுவதும் கடனின் கடைசிக்குப் போகும் என்றும் சொன்னார். "இந்த ஏற்பாடு உங்களுக்கு வேணுமா மேடம்?"

வெர்னாவின் வாய் 'வே' என்று திறந்தது. டெல்மர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணும்" என்றார் வெர்னா. பிறகு ஒரு மூச்சு விட்டு, "எழுத்துல அனுப்புங்க. தேதி போட்டு. திருப்பி அனுப்பின தவணைக்குத் தாமதக் கட்டணம் போட்டிருக்கீங்க, அதையும் எடுத்துடுங்க" என்றார்.

அந்தப் பக்கம் விசைகளைத் தட்டும் சத்தம். "பார்க்கிறேன் மேடம்."

"பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

பதினொரு நிமிடம் வங்கியின் காத்திருப்பு இசை ஓடியது. வெர்னா அதற்கேற்ப விரலால் மேசையில் தாளம் போட்டார். டெரன்ஸ் திரும்பி வந்து, கட்டணம் நீக்கப்பட்டது என்றார். டெல்மர் தொப்பியைக் கழற்றி மேலே எறிந்தார்; அது விளக்கில் மாட்டிக்கொண்டது.

ஆகஸ்டில் மூன்றாவது தவணையும் ஏறியது. அந்த வாரமே வெர்னா வாசற்படிகளை உடைத்துப் புதிதாகக் கட்ட ஆளைக் கூப்பிட்டார். நான் போனபோது, கைப்பிடி இரண்டு பக்கமும் வேண்டும், அதுவும் ஒரு பக்கத்துக்குச் சொன்ன அதே விலைக்கு வேண்டும் என்று இடுப்பில் கை வைத்தபடி நின்றுகொண்டிருந்தார்.